மாற்றிப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா?

பழைய மாருதி 800 ஒன்று மெக்கானிக் கடை வாசலில் வந்து நிற்கிறது. "சென்ட்ரல் லாக் சரியில்லை; டிரைவர் பக்கத்துக் கதவு சில நேரம் பூட்டுகிறது, சில நேரம் பூட்டுவதில்லை" என்கிறார் உரிமையாளர். மெக்கானிக் ரிமோட்டை வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்க்கிறார். "மோட்டார் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்கிறார். மோட்டார் மாற்றப்படுகிறது. கதவு பூட்டுகிறது. பணம் கைமாறுகிறது. பத்து நாள் கழித்து அதே வண்டி, அதே கதவு, அதே புகார். இம்முறை கண்ட்ரோல் பாக்ஸ் மீது சந்தேகம் விழுகிறது. அதுவும் மாற்றப்படுகிறது. கடைசியில் பார்த்தால், பழுது இந்த இரண்டிலும் இல்லை. கதவின் கீலுக்கு அருகே ரப்பர் குழலுக்குள் மறைந்து கிடந்த ஒரு கம்பியில் இருந்தது!

இது நம் ஊர்களில் அன்றாடம் நடப்பதுதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மெக்கானிக் தாம் சொன்னதை உண்மையாகவே நம்பினார். 'புதுப் பாகத்தைப் போட்டேன், கதவு பூட்டியது. ஆகவே பழைய பாகம்தான் பழுது' என்பது அவருடைய வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அறிவியல் கற்கும் மாணவர்களாகிய நீங்கள் இதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. புது மோட்டாரைப் பொருத்தும்போது கதவுக்குள் இருந்த கம்பிகள் எல்லாம் இழுபட்டு அசைந்தன அல்லவா? அந்த அசைவில், அறுந்திருந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பத்து நாள் கதவைத் திறந்து மூடியதில் மீண்டும் விலகிவிட்டன. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்திருக்க, கண்ணில் பட்ட ஒன்றுக்கு மட்டும் புகழைக் கொடுத்துவிட்டோம்.

பழைய மோட்டார் உண்மையிலேயே கெட்டதா என்று அறிய வேண்டுமானால் அதற்கு ஒரு நேரடிச் சோதனை உண்டு. மோட்டாரின் இரு கம்பிகளையும் கழற்றி, ஒரு பியூஸ் வழியாக 12 வோல்ட் பாட்டரியின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட வேண்டும். தண்டு வெளியே வரும். கம்பிகளை இடம் மாற்றித் தொட்டால் உள்ளே போகும். இரண்டும் நடந்தால் மோட்டார் நல்ல மோட்டார். அவ்வளவுதான்! சில நொடி வேலை. இந்தச் சில நொடிகளைச் செலவிடாமல் பாகத்தை வாங்கி மாட்டும் பழக்கம் நம்மிடையே ஏன் வேரூன்றியது என்பதே என் கேள்வி. அதற்கு ஒரு பங்கு காரணம் நம் பள்ளிச் சோதனைக்கூடம் என்பதும் என் எண்ணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் பூட்டு எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம். காரில் மின்சாரப் பூட்டு புதிய சங்கதி அன்று. அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ்-பூத் கார் ஒன்றில் 1914ஆம் ஆண்டிலேயே அது இருந்தது. பேக்கார்டு நிறுவனம் 1956இல் அதை மறுபடி கொண்டுவந்த பிறகே அது பரவத் தொடங்கியது. நம் நாட்டில் 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 கார்களில் பெரும்பாலானவை கையால் பூட்டும் கதவுகளோடுதான் வந்தன. வாங்கியவர்கள் பிற்பாடு கார் அலங்காரக் கடைகளில் சென்ட்ரல் லாக் தொகுப்பை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அத்தகைய பழைய வண்டிகளையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு கதவின் உள்ளேயும் உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி. அதனுள்ளே நிலைக்காந்தம் கொண்ட சிறு நேர்மின்னோட்ட மோட்டார். மோட்டாரின் வேகமான சுழற்சியைப் பற்சக்கரங்கள் மெதுவாக்கி, ஒரு தண்டைச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தூரம் முன்னும் பின்னும் தள்ளுகின்றன. தண்டு, பூட்டுக் குமிழோடு இணைந்த மெல்லிய கம்பியை இழுக்கிறது. மின்னோட்டம் ஒரு திசையில் போனால் பூட்டு. எதிர்த்திசையில் போனால் திறப்பு. இந்தத் திசை மாற்றத்தைச் செய்வது கண்ட்ரோல் பாக்ஸில் உள்ள இரண்டு ரிலேக்கள். ஓய்வில் இருக்கும்போது மோட்டாரின் இரு கம்பிகளும் பாட்டரியின் எதிர்முனையோடு, அதாவது வண்டியின் உலோக உடலோடு, சேர்ந்திருக்கும். ஒரு ரிலே இயங்கினால் ஒரு கம்பிக்கு மட்டும் 12 வோல்ட் கிடைக்கும். மற்றது இயங்கினால் மறு கம்பிக்குக் கிடைக்கும். அதுவும் அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரைதான். பெரும்பாலான தொகுப்புகளில் டிரைவர் கதவின் மோட்டாருக்கு ஐந்து கம்பிகள், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு. கூடுதலான மூன்றும் ஒரு ஸ்விட்சின் கம்பிகள். டிரைவர் சாவியைத் திருப்பியதும் அந்த ஸ்விட்ச் கண்ட்ரோல் பாக்ஸுக்குச் செய்தி சொல்ல, மற்ற மூன்று கதவுகளும் கூடவே பூட்டிக்கொள்கின்றன.

இவ்வளவு தெரிந்தால் போதும். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே பாதிப் பழுதைச் சொல்லிவிடலாம். நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் ஊமையாகிவிட்டனவா? நான்கு மோட்டார்கள் ஒரே நாளில் கெட்டுப்போவது என்பது நடவாத காரியம். நான்குக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பியூஸ், கண்ட்ரோல் பாக்ஸ், அதற்கு வரும் மின்சாரம், வண்டி உடலோடு சேரும் முனை. ஒரு கதவு மட்டும் தகராறு செய்கிறதா? பொதுவானவை எல்லாம் குற்றமற்றவை. அந்தக் கதவின் கம்பி, மோட்டார், தண்டு, இவைதான் மிச்சம். நான்கு கதவுகளும் பூட்டுகின்றன, ஆனால் திறப்பதில்லை என்றால் என்ன? பூட்டுவதற்கும் திறப்பதற்கும் அதே மோட்டார்கள். அதே இரு கம்பிகள். பூட்டியதிலிருந்தே அவை நலம் என்று தெரிந்துவிட்டது. திறப்பதற்கான ரிலேயையோ அதற்கு உத்தரவு தரும் வழியையோதான் பார்க்க வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் நான்கும் பூட்டுகின்றன, சாவியைத் திருப்பினால் டிரைவர் கதவு மட்டும் பூட்டுகிறது என்றால்? இதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இப்போது அந்தக் கீல் பக்கத்துக் கம்பிக்கு வருவோம். பழைய கார்களில் மிகுதியாகப் பழுதாகும் இடம் அதுதான். இதைச் சற்று விரிவாகவே பார்ப்பது நல்லது.

வண்டியின் உடலிலிருந்து கதவுக்குள் மின்சாரம் போக வேண்டுமானால், கதவு திரும்பும் இடத்தைத் தாண்டித்தான் கம்பிகள் போக வேண்டும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவை வளைகின்றன, மூடும்போது நிமிர்கின்றன. நாளொன்றுக்கு எட்டு முறை என்று வைத்துக்கொண்டால், பதினைந்து ஆண்டுகளில் 43,800 முறை! மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி, சில தடவை வளைத்ததும் ஒடிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் பெட்டிகளின் அச்சுகள் ஏன் ஒடிகின்றன என்று ஆராய்ந்தபோது முறையாக அளந்து பார்த்த நிகழ்ச்சி இதே நிகழ்ச்சிதான். ரயில் அச்சுக்கு நேர்ந்தது கார்க் கம்பிக்கும் நேர்கிறது. கம்பிக்குள் பல மெல்லிய செம்பு இழைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலே உள்ள பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணால் பார்த்தால் நல்ல கம்பி! மிக அதிகமாகத் திறக்கப்படும் கதவு டிரைவர் கதவு ஆகையால், பெரும்பாலும் அங்கேதான் இது முதலில் நேரும்.

எல்லா இழைகளும் அறுந்துவிட்டால் கண்டுபிடிப்பது எளிது. ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சி, அவையும் பச்சை பிடித்துக் கிடந்தால்தான் வேடிக்கை. மெக்கானிக் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அங்கு வந்து சேரும் கம்பியில் மல்டிமீட்டரை வைக்கிறார். 12 வோல்ட் காட்டுகிறது. 'மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் இயங்கவில்லை' என்று முடிவு கட்டுகிறார். மீட்டர் பொய் சொல்லுமா? சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டாரின் மின்தடை 3 ஓம் என்று கொள்வோம். கம்பி நன்றாக இருந்தால், இயக்கம் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட்டை 3 ஓமால் வகுக்க, 4 ஆம்பியர் பாயும். மின்திறன் 48 வாட். சோர்ந்த கம்பியில் மேலும் 3 ஓம் தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். இப்போது மொத்தத் தடை 6 ஓம். மின்னோட்டம் 2 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைப்பது 6 வோல்ட். திறன் 12 வாட். நாலில் ஒரு பங்கு! 'டிக்' என்று ஒரு முனகல் கேட்கும், பூட்டு நகராது. ஆனால் மோட்டாரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டரை வைத்தால் கதை வேறு. அதன் உள்தடை சுமார் 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். அதன் வழியே போவது ஒரு மைக்ரோ ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம்தான். அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு 3 ஓம் ஒரு தடையே அன்று. அங்கே இழக்கப்படும் அழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் நான்கு பங்குகூட இராது. ஆகவே மீட்டர் 12 என்றே காட்டும். குழாயின் மறுமுனையை விரலால் அடைத்துக்கொண்டு 'நல்ல அழுத்தம் இருக்கிறது' என்று சொல்வது போன்றது இது. விரலை எடுத்த பிறகு எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்பதல்லவா கேள்வி?

இங்கே எனக்கு மீட்டரைவிட ஒரு பல்ப் மேல். காரின் இண்டிகேட்டர் விளக்கில் இருக்கும் 21 வாட் பல்பை இரண்டு கம்பிகளோடு சேர்த்து, மோட்டாரின் இடத்தில் மாட்டுங்கள். அது சுமார் 1¾ ஆம்பியர் கேட்கும். நல்ல கம்பியானால் ரிமோட்டை அழுத்தியதும் பளிச்சென்று மின்னி அணையும். சோர்ந்த கம்பியானால் மங்கலாகச் சிவக்கும். டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும் என்பதால், அரை நொடித் துடிப்பை அது தவறவிடவும் கூடும். கண் தவறவிடாது. 5 வாட் பல்ப் போதாதா என்று கேட்பீர்கள். அது அரை ஆம்பியர்கூட எடுக்காது; மங்கலை உணர்வது கடினம். கருவி எளிதாக இருந்தால் போதாது, பாகத்துக்கு நிகரான சுமையையும் அது தர வேண்டும்.

பல்பை எங்கே முதலில் வைப்பது? பாட்டரியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வரத் தேவையில்லை. வழியின் நடுவில் வையுங்கள். கதவுத் தூணின் அடியில், வண்டியின் உட்புறத்தில் உள்ள இணைப்பு நல்ல இடம். அங்கே பல்ப் நன்றாக மின்னினால் பின்பாதி முழுவதும் நலம். பழுது கதவுப் பக்கம். மீதியையும் இவ்வாறே பாதியாக்குங்கள். பதினாறு இடங்களில் எங்கோ ஒன்றில் உள்ள பழுதை நான்கே சோதனைகளில் பிடித்துவிடலாம். அகராதியில் சொல் தேடும்போது நாம் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

மின்சாரத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பூட்டுக் குமிழைக் கையால் நகர்த்திப் பாருங்கள். பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகியிருந்தால் கைக்கே கனமாக இருக்கும். சின்ன மோட்டார் என்ன செய்யும்? சில மோட்டார்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு முறை ரிமோட்டை அழுத்தினால் அடியோடு நின்றுவிடும். சில நிமிடம் கழித்துத் தானே உயிர் பெறும். அது பழுது அன்று. உள்ளே உள்ள பாதுகாப்புத் துண்டு சூடேறினால் அதன் மின்தடை பலமடங்கு உயர்ந்து மின்னோட்டத்தைத் தடுக்கிறது, ஆறியதும் விடுகிறது. பொறுமையில்லாமல் அழுத்திப் பார்த்து நல்ல மோட்டாரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

ஒரு பூட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டும் என்பேன். மூடிய கார் வெயிலில் எவ்வளவு விரைவில் சூடாகிறது என்பதை அமெரிக்காவில் அளந்து 2005இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்ததும் பெரிய பயன் தரவில்லை. வெளியில் 36 டிகிரி இருக்கும் வேலூர் வெயிலில் இதைக் கூட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு குழந்தை, சாவியும் உள்ளே, கதவு தானாகப் பூட்டிக்கொண்டது என்றால் அங்கே பேச்சு பணத்தைப் பற்றியது அன்று. சில நேரம் பூட்டும், சில நேரம் பூட்டாது என்ற நிலையில் உள்ள பூட்டு, முழுவதும் கெட்ட பூட்டைவிட ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான். அதை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடக் கூடாது. ரிமோட் வந்தபின் பலர் சாவித் துவாரத்தைத் தொடுவதே இல்லை. அது துருப்பிடித்து இறுகிவிடுகிறது. பாட்டரி தீர்ந்த அன்று அதுதான் கடைசி வழி. மாதம் ஒருமுறையாவது சாவியால் கதவைத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள தம்பி தங்கைகளுக்கு, எந்தக் குமிழை எப்படி இழுத்தால் முன்கதவு உள்ளிருந்து திறக்கும் என்று காட்டிக் கொடுங்கள். பல கார்களில் சாவி போடாமலே ஹார்ன் ஒலிக்கும்; அதையும் சொல்லி வையுங்கள்.

இவற்றை நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். 12 வோல்ட் நம்மைத் தாக்காது. ஆனால் கார் பாட்டரியின் முனைகள் நேராக இணைந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் வேண்டாம். எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவது மன்னிக்க முடியாத செயல். புதிய கார்களில் மஞ்சள் உறையிட்ட கம்பிகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றின் பக்கமே போக வேண்டாம். அந்தப் புதிய கார்களில் கணிப்பொறி பழுதுக் குறியீட்டைத் தருகிறதே, இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குறியீடு எந்த மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. அந்தச் சுற்றில் கம்பியா, மோட்டாரா, ஸ்விட்சா என்பதை இன்னமும் மனிதன்தான் அளந்து பார்த்தாக வேண்டும்.

மெக்கானிக்குகள் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமன்று. ஒரு மணி நேரம் தேடி, அறுந்த கம்பியைக் கண்டுபிடித்து, பற்றவைத்துக் கொடுத்தவரிடம் 'ஒரு கம்பிக்கு இவ்வளவா?' என்று பேரம் பேசுகிறோம். புது மோட்டார் பெட்டியைக் காட்டினால் வாய் திறக்காமல் பணத்தை எண்ணி வைக்கிறோம். பாகத்துக்குக் கூலி தருவோம், மூளைக்குத் தரமாட்டோம் என்றால் அவரும் பாகத்தைத்தானே விற்பார்?

பள்ளியில் நாம் செய்வது என்ன? ஓம் விதிச் சோதனையில் ஆசிரியர் சரிபார்த்து வைத்த கருவிகளை இணைக்கிறோம். வர வேண்டிய நேர்கோடு வருகிறது. மதிப்பெண் கிடைக்கிறது. இணைப்பு தளர்ந்து முள் அசையாமல் போனால், உதவியாளர் ஓடிவந்து வேறு கருவி தருகிறார். அங்கேயே 'மாற்றிப் பார்ப்பது' தொடங்கிவிடுகிறது! அந்த அசையாத முள்தான் அன்றைய தினத்தின் மிகச் சிறந்த சோதனையாக இருந்திருக்கும். அதை நம் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது எனக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் கேட்கிறேன்.

ஒரு மரப்பலகை, ஒரு பாட்டரி, பியூஸ், இரண்டு ஸ்விட்ச், ஒரு சிறு மோட்டார், ஒரு பல்ப். செலவு சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு பலகையிலும் ஆசிரியர் ஒரு பழுதை மறைத்து வைக்கட்டும். ஒன்றில், உறைக்குள் அறுந்த கம்பி. ஒன்றில், குழலுக்குள் ஒளித்த 3 ஓம் தடை. ஒன்றில், எரிந்த பியூஸ். ஒன்றில், பிசினாக இறுகிய பற்சக்கரம். மாணவர்கள் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் 'இதை ஏன் அளக்கிறேன், என்ன வரும் என்று எதிர்பார்க்கிறேன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். குறைந்த சோதனைகளில் கண்டவருக்கு அதிக மதிப்பெண். பாகத்தை மாற்றிப் பார்த்துக் கண்டவருக்கு, சரியான விடையானாலும், பாதி மதிப்பெண். இன்னும் ஒன்று: பலகைகளில் ஏதாவது ஒன்றில் பழுதே வைக்கக் கூடாது. அது யாருக்குப் போகிறது என்று யாருக்கும் சொல்லவும் கூடாது.